இரையும் காதோடு சுருதி சேர்ப்பது

மிருதங்கத்தின் வலந்தலைக்குப் பதினாறு கண். ஒவ்வொரு கண்ணுக்கு நேராகவும் மீட்டை விரலால் தட்டிக் கேட்க வேண்டும். சுருதி இறங்கியிருந்தால் மூட்டின் மேல் புள்ளை வைத்துக் கல்லால் ஒரு தட்டு. ஏறியிருந்தால் கீழிருந்து மேலாக ஒரு தட்டு. பதினாறும் ஒன்றுபோல ஒலிக்கும்வரை சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒரு கண் மட்டும் இம்மியளவு விலகியிருந்தாலும் சாப்பு கலங்கிவிடும். விரலுக்கு இதில் வேலை குறைவு. எல்லாம் காதின் வேலை.

காதுக்குள் ஓயாத இரைச்சலை வைத்துக்கொண்டு நான் இதைச் செய்துவருகிறேன். புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில், சங்கராபரணி ஆற்றின் கரையோர ஊர் ஒன்றில் பஜனைக் கோஷ்டிக்கு மிருதங்கம் வாசிப்பவன். புரட்டாசிச் சனிக்கிழமைகளும் மார்கழி விடியலும் எங்கள் காலம். பாகூர்ப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும் போவோம். இரண்டு காதிலும் இரைச்சல் உண்டு, இடது காதில் கூடுதல். பகலிலும் நிற்காது, இரவிலும் நிற்காது. வாசிப்பும் நிற்கவில்லை. அது எப்படி முடிகிறது என்று என்னைப் போல வாத்தியம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வாசிப்பு எனக்குப் பிழைப்பு அல்ல. பிழைப்பு தறியில் இருந்தது. எங்கள் தலைமுறையில் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சைக்கிள் மிதித்துப் புதுச்சேரி ஆலைகளுக்குப் போனவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நான் வேலை பார்த்த ஆலையில் நாடாத் தறி. அத்தனை தறியிலும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் அடிபடும்போது, பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. வாயசைவைப் பார்த்தும் சாடையிலும் பேசிக்கொள்வோம். நூல் அறுந்தால் இரண்டு விரலை வெட்டிக் காட்டுவது, மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையைத் தொடுவது, சங்கு ஊத இன்னும் எவ்வளவு நேரம் என்றால் மணிக்கட்டைத் தட்டுவது. வேலைக்குச் சேர்ந்த சில மாதத்தில் எல்லோருக்கும் இது பழகிவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் சத்தமாகவே பேசுவோம். "ஏன் கத்துற?" என்று வீட்டுக்காரம்மா கேட்காத தறிக்காரர் வீடு இருக்காது.

நாடாத் தறி ஓடும் கொட்டகைகளில் சத்தம் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேரம் கேட்கக்கூடிய சத்தத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை என்பது பல நாடுகளில் பணியிடப் பாதுகாப்புக்காரர்கள் சொல்லும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 100 என்றால் வெறும் கால் மணி நேரம். இந்தியத் தொழிற்சாலை விதிகளோ எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்வரை அனுமதிக்கின்றன. எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் உயிர் கொடுத்த புதுச்சேரி மண் இது. அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை வந்தது. உழைக்கும் நேரத்துக்கு அளவு கிடைத்தது. அந்த நேரத்தில் காதில் விழும் சத்தத்துக்கு அளவு பார்க்க எங்கள் கொட்டகைக்கு யாரும் வரவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும். அவர் பஜனை மடத்தில் வாசித்தவர். முதலில் வாத்தியத்தைத் தொட விடமாட்டார். சொல்லுக்கட்டை வாயால் சொல்லி, கையால் தாளம் போட வேண்டும். "வாயில வராதது விரல்ல வராதுடா" என்பார். அந்தப் பாடம் பிற்காலத்தில் என் காதைக் காப்பாற்றப்போகிறது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இரைச்சல் ஒரே நாளில் வந்து உட்காரவில்லை. ஆரம்பத்தில் தறியிலிருந்து வெளியே வந்ததும் சற்று நேரம் இருக்கும், சாப்பிட்டுப் படுத்தால் போய்விடும். பிறகு விடியும்வரை இருந்தது. பிறகு போகவே இல்லை. கார்த்திகை மழைக்குப் பின் வயலில் சில்வண்டு கத்துமே, அதே சத்தம். அந்த மாதங்களில் எது வெளியே, எது உள்ளே என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியாது. தை பிறந்து வயல் காய்ந்த பிறகு, எல்லோருக்கும் அடங்கிய சத்தம் எனக்கு மட்டும் மிஞ்சும்.

மருத்துவமனையில் காதுப் பரிசோதனை செய்தார்கள். சத்தம் புகாத சின்ன அறையில் ஹெட்போனை மாட்டி, 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஒலியாக அனுப்பி, கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். வரைந்து தந்த தாளில் கோடு ஒழுங்காக வந்து, 4000 ஹெர்ட்ஸில் குழியில் விழுந்து, 8000 பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது. பரிசோதனை செய்த பெண் பேனாவால் அந்தக் குழியைத் தொட்டுக் காட்டி, "ஐயா, நீங்க மில்லுல வேலை பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் அதுவரை என் தொழிலைச் சொல்லவே இல்லை.

அவர் விளக்கியது இதுதான். உட்காதில் நத்தை வடிவச் சுருளுக்குள் மயிரிழை போன்ற நுனிகளுடன் உணர்செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 15,000. பெருஞ்சத்தம் அவற்றைச் சாய்த்துச் சாய்த்துக் கடைசியில் கொன்றுவிடுகிறது. மனிதக் காதில் அவை திரும்ப முளைப்பதில்லை. அந்த இடத்திலிருந்து வர வேண்டிய செய்தி குறைந்துபோனதும், மூளை அந்த வரிசையில் தன் கவனத்தைக் கூட்டிக்கொள்கிறது. இல்லாத ஒலி கேட்பது அதனால்தான் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். வேரோடு நீக்க மருந்து இல்லை. 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, உலகில் வயது வந்தோரில் ஏறக்குறைய 14 சதவீதம் பேர் காது இரைச்சலை அனுபவித்திருக்கிறார்கள் என்று கணக்கிடுகிறது. 74 கோடிக்கு மேல். நம் ஊர்களில் இதை "காது இரையுது" என்று சொல்லி, வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு வந்த முதல் பயம் சுருதியைப் பற்றியது. காதில் ஒரு சுருதி நிரந்தரமாக ஓடும்போது வேறொரு சுருதியை எப்படிச் சேர்ப்பது? வாத்தியத்தை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பரிசோதனைத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் தெளிவு வந்தது. ஒரு கட்டைச் சுருதியில் நடு ஸட்ஜம் சுமார் 261 ஹெர்ட்ஸ். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் என் இரைச்சல் அதற்கு ஏறக்குறைய நாலு ஸ்தாயி மேலே. எந்தப் பஜனைப் பாடகரும் எட்டாத இடம் அது. மிருதங்கத்தின் மீட்டும் சாப்பும் சுருதி காட்டும் இடமோ என் காது இன்னும் நன்றாகக் கேட்கும் இடம்.

இந்த இடத்தில் சர் சி.வி. ராமனுக்கு எல்லா மிருதங்கக்காரர்களும் கடன்பட்டிருக்கிறோம். சாதாரணத் தோல் வாத்தியத்தைத் தட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாத பல ஒலிகள் சிதறும். வலந்தலை நடுவே கரணை அப்பியிருப்பதால் மட்டும் அந்த ஒலிகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற ஒழுங்கான மடங்குகளில் வந்து நிற்கின்றன என்று 1920இலும் பிறகு விரிவாக 1934இலும் அவர் எழுதிக் காட்டினார். மிருதங்கத்துக்குச் சுருதி என்று ஒன்று இருப்பதே அந்தக் கரணையால்தான். அந்த ஐந்தாம் மடங்கும்கூட ஒரு கட்டையில் 1300 ஹெர்ட்ஸைச் சுற்றித்தான் வரும். ஆகவே சுருதி சேர்க்கத் தேவையான அத்தனையும் என் குழிக்கு இந்தப் பக்கம், பத்திரமாக இருக்கிறது. நான் இழந்தது ஓசையின் ஓரத்திலிருக்கும் மினுமினுப்பு. ஜால்ராவின் கூர்மை குறைந்தே கேட்கிறது. பெண் குழந்தைகள் பாடும்போது வார்த்தையில் 'ச'வும் 'ஸ'வும் மங்குகின்றன. சுருதி போகவில்லை.

அதற்குப் பிறகு சேர்க்கும் முறையை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் அமைதியான மூலை தேடிப்போய்ச் சேர்ப்பேன். இரைச்சல் உள்ளவனுக்கு அமைதிதான் எதிரி. சுற்றிலும் ஓசையே இல்லாதபோது இரைச்சல் முழு வடிவத்தில் எழுந்து நிற்கும். இப்போது முதலில் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, தம்பூரா ஓசையில் நன்றாக ஊறிய பிறகுதான் கல்லையும் புள்ளையும் எடுக்கிறேன். தம்பூராவின் நாதம் அடியிலிருந்து மேல்வரை பல படிகளில் விரிந்திருப்பது. மெதுவாக வைத்தாலும் இரைச்சலின் விளிம்பைக் கரைத்துவிடும். பெட்டியை நிறுத்திய பின்பும் கொஞ்ச நேரம் இரைச்சல் தாழ்ந்தே இருக்கும். காது மருத்துவர்கள் இதை அறிந்தே வைத்திருக்கிறார்கள். வெளி ஓசையால் மறைத்தால் அது நின்ற பிறகும் சிலருக்கு இரைச்சல் சற்றுத் தணிந்திருக்கும். சரிபார்க்கவும் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கண்ணையும் தட்டிவிட்டு அதே சுருதியை வாய்க்குள் முனகிப் பார்ப்பேன். முனகல் எலும்பு வழியாகக் காதுக்குள் போகிறது. வெளியிலிருந்து வருவதும் உள்ளிருந்து வருவதும் ஒட்டினால் கண் சேர்ந்துவிட்டது. கடைசியில் ஆர்மோனியம் வாசிக்கும் தம்பியிடம் ஒருமுறை காட்டுவேன். "அண்ணே, ஒம்பதாவது கண்ணு கொஞ்சம் ஏறிக்கினு இருக்குது" என்பான் சில நாள். பல நாள் தலையாட்டிவிடுவான்.

வாசிக்கும் இடத்திலும் சில ஏற்பாடுகள் உண்டு. பஜனையில் மிருதங்கக்காரன் தரையில் உட்கார்ந்திருப்பான். ஜால்ரா போடுபவர் பின்னாலோ பக்கத்திலோ நிற்பார். அவர் கை இருக்கும் உயரம் சரியாக நம் காது இருக்கும் உயரம். மிருதங்கத்தைவிடப் பல மடங்கு கூரிய வெண்கல ஓசை, ஒரு முழ தூரத்தில், இரண்டு மணி நேரம். எங்கள் கோஷ்டியில் இப்போது ஜால்ராக்காரர்களும் தரையில் உட்கார்ந்து, எதிர் வரிசையில் இருக்கிறார்கள். தாளமும் முன்பைவிட நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறது. வீதி பஜனையில் குழாய் ஒலிபெருக்கி கட்டிய வண்டி முன்னால் போகும், நாங்கள் நன்றாகத் தள்ளிப் பின்னால் நடப்போம்.

பஞ்சை உருட்டி வைப்பதால் பெரிய பயன் இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் சத்தத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் மேல் ஓசையை அதிகமாகவும் கீழ் ஓசையைக் குறைவாகவும் வெட்டும். தொப்பியின் கும்கி மட்டும் கேட்கும், சாப்பு செத்துப்போகும். தறிக்கும் நெல் மில்லுக்கும் அது சரி. வாசிப்பவருக்கென்று தனியாக அடைப்பான்கள் இருக்கின்றன. மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவாக, 15 டெசிபல் போலக் குறைப்பவை. நாதம் மாறாமல் தூரத்திலிருந்து கேட்பதுபோல இருக்கும். முதலில் சிரமம். காதை அடைத்துக்கொண்டு சொல்லுக்கட்டுச் சொன்னால் நம் குரலே மண்டைக்குள் முழங்கும். சில பஜனைகள் தாண்டினால் பழகிவிடும். நான் பஜனை மடத்தில் ஒரு காதுக்கும், திருவிழாவில் இரண்டு காதுக்கும் வைத்துக்கொள்கிறேன்.

வீட்டுச் சாதகத்தில் பாதியை வாய்க்கு மாற்றிவிட்டேன். வாத்தியார் திண்ணையில் கற்றுத் தந்த அதே சொல்லுக்கட்டு. கோர்வை எதுவானாலும் முதலில் கொன்னக்கோலில், பிறகு தொடையில், கடைசியில்தான் தோலில். ஓடு வேய்ந்த சின்ன அறையில் நான்கு சுவருக்குள் வாசிப்பதை விட்டுத் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டேன். வேகத்தைவிட நாதத்தில் மனம் போகத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். ஓங்கி அடித்து வராத கும்கி, உள்ளங்கையை மெதுவாக உருட்டினால் வருகிறது. நாமாவளியில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கும்கி விழுந்தால் போதும், கூட்டம் தானாகத் தலையாட்டும்.

சத்தத்துக்கும் சங்கீதத்துக்கும் உள்ள தூரத்தை நம் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் ஒலிபெருக்கி வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று உறுதியாக இருந்தார். மிருதங்கத்தின் நாதத்தை அந்தக் கருவி கெடுக்கிறது என்பது அவர் வாதம். அவர் நாதத்துக்காகச் சொன்னது காதுக்கும் பொருந்துகிறது. ஐரோப்பாவில் பேத்தோவன் 1801இல் தன் மருத்துவ நண்பருக்கு எழுதிய கடிதத்திலேயே காது இரவும் பகலும் இரைவதாகச் சொல்லியிருக்கிறார். பெரிய படைப்புகளில் பல அதற்குப் பின் வந்தவை. செக் நாட்டு ஸ்மெத்தனா 1874இல் செவித்திறனை இழந்தார். 1876இல் எழுதிய நால்வர் தந்தி இசைப்படைப்பின் கடைசிப் பகுதியில், முதல் வயலின் திடீரென்று உச்சஸ்தாயியில் ஒரே சுரத்தை நீளப் பிடிக்கும். தன் காதில் கேட்ட ஒலியைத்தான் அப்படி எழுதி வைத்தார். நோயையே சுரமாக்கிய அந்த மனிதரைப் பற்றி அறிந்தபோது எனக்குக் கிடைத்த தைரியம் பெரிது.

ஆனால் தைரியம் மட்டும் போதாது. இரவு ஒன்று இருக்கிறது. இரைச்சலால் வரும் துன்பத்தில் பெரும்பங்கு அதன் சத்தத்தால் வருவதல்ல, அதைக் கவனித்துக்கொண்டே இருப்பதால் வருவது. தூக்கம் கெட்டால் இரைச்சல் கூடும், இரைச்சல் கூடினால் தூக்கம் கெடும். படுக்கையில் தம்பூரா ஓசையை மின்விசிறி சத்தத்துக்கும் கீழே மெதுவாக வைத்துப் படுக்கிறேன். முழுவதும் மறைக்கத் தேவையில்லை, பக்கத்தில் இன்னொரு ஓசை இருந்தால் போதும். நாளடைவில் மனம் அதை எண்ணாமல் விட்டுவிடுகிறது. பேச்சுவழி மனப்பயிற்சி இந்தத் துன்பத்தைக் குறைக்கிறது என்பதற்கு மருத்துவத்தில் நல்ல ஆதாரம் உண்டு. செவித்திறனும் குறைந்தவர்களுக்குக் காதுக் கருவி மாட்டினால் இரைச்சலும் பின்னுக்குப் போவதுண்டு. ஒரே மாதத்தில் தீர்ப்பதாகச் சொல்லும் சொட்டு மருந்து, காய்ச்சிய எண்ணெய், விளம்பர மாத்திரை எதையும் காதில் ஊற்றவோ விழுங்கவோ வேண்டாம்.

புதிதாகக் காது இரையத் தொடங்கியவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை கட்டாயம் காட்ட வேண்டும். கோரிமேடு ஜிப்மரிலும் கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியிலும் அதற்கான பிரிவு இருக்கிறது. வெறும் அழுக்கு அடைப்பாகவும் இருக்கலாம். சில மருந்துகளாலும் இரைச்சல் வரும். ஒரு காதில் மட்டும் இரைந்தாலும், நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தாலும், தலைச்சுற்றல் இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓட வேண்டும். முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பலன் அதிகம்.

இனி ஊருக்கு. வில்லியனூர் திருக்காமீசுவரர் தேருக்கு, பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். திருக்காஞ்சியில் மாசி மகத்துக்குச் சுவாமிகள் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஊர் ஊராகத் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் படித்து விடிய விடியக் கூத்து நடக்கிறது. இவை இல்லாமல் எங்களுக்கு வாழ்க்கை இல்லை. ஆனால் அடுக்கி வைத்த ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நெஞ்சு அதிர நின்று ஆடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது தறிக் கொட்டகை நினைவு வருகிறது. எங்களுக்குச் சம்பளத்தோடு வந்த கேட்டை இவர்கள் கொண்டாட்டத்தோடு வாங்கிப் போகிறார்கள். திருவிழா முடிந்து காது அடைத்தாற்போல இருந்து மறுநாள் சரியாகிவிட்டால், ஒன்றும் ஆகவில்லை என்று பொருள் அல்ல. காது எச்சரித்திருக்கிறது என்று பொருள்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் எல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று அரசு நள்ளிரவுவரை விலக்குத் தரலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. மார்கழி பஜனை ஆறு மணிக்கு முன்பே தொடங்குவது. அதற்கு ஒலிபெருக்கியே வேண்டாம். எங்கள் கோஷ்டி இப்போது ஒலிபெருக்கி இல்லாமல்தான் விடியலில் வீதி வருகிறது. வீட்டுக்குள்ளிருந்து கூடவே பாடும் குரல்கள் இப்போது எங்களுக்குக் கேட்கின்றன.

கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் கொம்யூன் பஞ்சாயத்தாருக்கும் என் வேண்டுகோள்: ஸ்பீக்கர்களைக் கூட்டத்தின் முகத்துக்கு நேராக வைக்காதீர்கள், வாசிப்பவர் பின்னந்தலைக்கு நேராக வைக்காதீர்கள், குழந்தைகளை அதன் அருகில் விடாதீர்கள். மேளக்காரருக்கும் பம்பைக்காரருக்கும் சன்மானத்தோடு ஒரு ஜோடி நல்ல காது அடைப்பானும் வாங்கிக் கொடுங்கள். வாத்தியம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு: காது இரையத் தொடங்கினால் சத்தத்தை விடுங்கள், வாத்தியத்தை விட்டுவிடாதீர்கள்.